உறுமுகிற ரேடியோ

ரேடியோ வாங்க வருகிறவர்களோடு மாரடிப்பதைப் போல ஒரு பாடு கிடையாது. டார்ச் வாங்க வருகிறவன் அழுத்திப் பார்ப்பான், எரிந்தால் எடுத்துக்கொண்டு போய்விடுவான். குடை வாங்குகிறவன் விரித்துப் பார்ப்பான். ரேடியோக்காரன் மட்டும் கடை வாசலை அடைத்துக்கொண்டு அரை நாள் திருகுவான். ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் என் கடை. ‘சுப்பிரமணி கடைக்குப் போனா சாமானும் வாங்கலாம், திட்டும் வாங்கலாம்’ என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பேசிவிட்டுப் போகட்டும், எனக்கென்ன.

இந்தக் காலத்தில் ஷார்ட்வேவ் ரேடியோ கேட்டு யார் வருகிறார்கள்? செல்போன் டவர் எட்டாத சரிவுகளில் இருக்கிறவர்கள்தான். மிளகு பறிக்க மரம் ஏறுகிறவர்கள், காட்டுக் காவலுக்குப் போகிறவர்கள். அவர்களிடம் நான் சொல்வது இவ்வளவுதான்: ஏரியல் கம்பி கழுத்து ஆடாமல் நிற்கிறதா பார். பேட்டரி உன் ஊர் மளிகைக் கடையில் கிடைக்கிற சைஸா பார். ஒரு ஸ்டேஷனைப் பிடித்து, ரேடியோவை இடுப்பில் கட்டிக்கொண்டு ரோட்டில் கொஞ்ச தூரம் நட. ஸ்டேஷன் ஓடிப்போகாமல் கூடவே வந்தால் அது ரேடியோ. மற்றதெல்லாம் பொம்மை.

மாரமங்கலத்துக்கு அந்தப் பக்கம் சரிவில் இருக்கிற சின்னராஜ் அப்படி நடந்து பார்த்து வாங்கியவன்தான். மிளகு பறிப்பதில் கெட்டிக்காரன். சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து உச்சிவரை போய்விடுவான். இடுப்பில் ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். கடல் தாண்டி எங்கிருந்தோ தமிழில் பேசுகிற ஒரு ஸ்டேஷன் அவனுக்கு உயிர். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அந்தப் பெண் ‘வணக்கம் நேயர்களே’ என்றால் இவன் மரத்து மேலிருந்து ‘வணக்கமுங்க’ என்று பதில் சொல்வானாம். பறிக்கிற பெண்கள் கீழே நின்று சிரிப்பார்களாம்.

அவன் பெண்டாட்டி கண்ணாயி கொய்யாவும் ஆரஞ்சும் கூடையில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வருவாள். வாய் ஓயாது. பஸ்ஸில் கண்டக்டரை வம்புக்கு இழுத்து, என் கடைக்கு வந்து என்னை இழுத்து, கூடை காலியான பிறகுதான் ஊர் திரும்புவாள். “அண்ணனுக்கு மூஞ்சி ஏனுங்க இப்பிடி? காலங்காத்தால வேப்பங்கொழுந்து தின்னீங்களா?” என்பாள். எனக்கே சிரிப்பு வந்துவிடும், காட்டிக்கொள்ள மாட்டேன். ஒரு கொய்யாவைக் கல்லாப் பெட்டி மேல் வைத்துவிட்டுப் போவாள்.

போன மாசியில் சின்னராஜ் செத்துப்போனான். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. ஐப்பசி மழையில் ஒரு நாள் மத்தியானம் கூடை இல்லாமல் வந்து நின்றபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. பாதி ஆளாகியிருந்தாள்.

“ஏனுங்கண்ணா, ரேடியோ ஒண்ணு வேணுமுங்க. உறுமணும்.”

“என்னது?”

“உறுமணுமுங்க. அவருதுல உறுமுச்சுங்களே, அந்த மாதிரி.”

அன்றைக்கு எனக்கு இருந்த எரிச்சலில் கண்டபடி பேசியிருப்பேன். ஆனால் அவள் நின்ற நிலை வாயை அடைத்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்காராமலே சொன்னாள்.

மாசியில் மிளகுப் பறிப்பு. விடியும் முன்னே சின்னராஜ் கிளம்பினான். சோற்றுத் தூக்குப்போசியை மறந்து வைத்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து இவள் அதை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். ஊரில் பெரிய காப்பித் தோட்டக்காரரான அங்கப்பனின் காட்டு ஓரமாக ஒரு குறுக்குத் தடம். அந்தத் தடத்தில் முனியப்பன் குடியிருக்கிற நாவல் மரம். பனிமூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. சத்தம்தான் முதலில் கேட்டதாம். நாய் உறுமுகிற மாதிரி, ஆனால் மூச்சு விடாமல். கிட்டப் போனால் சின்னராஜ் குப்புறக் கிடக்கிறான். ரேடியோ எட்டத் தெறித்துக் கிடந்து உறுமுகிறது. இவள் அலறிக்கொண்டு குனிந்து அவன் தோளைத் தொடப் போன நேரத்தில் உறுமல் பட்டென்று நின்றது. ரேடியோ பேசியது. “வணக்கம் நேயர்களே.”

“அதுக்கப்பறந்தான் தொட்டனுங்க. ஒடம்புல சூடு இருந்துச்சு. உசுரு இல்ல.”

இவள் ஓடிப்போய் ஆட்களைக் கூட்டி வந்தாள். அங்கப்பனும் வந்தார். சின்னராஜின் உள்ளங்கையில் குறுக்கே கறுப்பாக ஒரு கோடு. அதைப் பார்த்ததும் அங்கப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டாராம். “முனியோட சாட்டையடி. மரத்தடியில ஏதோ அசிங்கம் பண்ணியிருக்கறான்.” ஊரே நம்பிவிட்டது. உறுமலை இவளே தன் காதால் கேட்டிருக்கிறாள், அப்புறம் நம்பாமல் என்ன செய்வாள்? போலீஸ் இல்லை, டாக்டர் இல்லை. முனி அடித்த உடம்பைப் பொழுது சாய வைத்திருக்கக் கூடாது என்று மத்தியானத்துக்குள் குழியில் இறக்கிவிட்டார்கள். அவன் ஆசைப்பட்ட பொருளென்று ரேடியோவையும் கூடவே வைத்து மூடிவிட்டார்கள். மூன்றாம் நாள் முனிக்குக் கிடாய் வெட்டினார்கள். கிடாய் அங்கப்பன் உபயம்.

“எம்புள்ள தீபிகாவுக்கு மாசம் ஏறிப்போச்சுங்க. கரடியூர்ல குடுத்திருக்குது. தலைப்பிரசவத்துக்கு அனுப்ப மாட்டேங்கறாரு சம்பந்தி. முனி அடிச்ச ஊட்டுல எப்பிடிப் பேரன் பொறக்கறதுங்கறாரு. அவுரு ஒரு பாவமும் பண்ணலீங்க அண்ணா. கால்ல செருப்பப் போட்டுக்கிட்டு அந்த மரத்தக்கூடத் தாண்ட மாட்டாரு. என்ன குத்தம் பண்ணாருன்னு முனிகிட்டயே கேக்கோணும். அந்த ரேடியோ இருந்தாத்தான முனி வந்தது தெரியும்?”

சாயங்காலமானால் சின்னராஜின் குழிக்குள்ளிருந்து ரேடியோ பேசுகிறது என்று ஊரில் சொல்கிறார்களாம். அந்தப் பக்கம் ஆடுகூட மேய்வதில்லையாம். அவள் போய் மண்ணில் காது வைத்துப் பார்த்திருக்கிறாள். ஒன்றும் கேட்கவில்லை என்று அழுதாள்.

பைத்தியம் பிடித்துவிட்டது, பாவம் என்று நினைத்தேன். கடையிலேயே நல்ல ரேடியோவை எடுத்துக் கொடுத்தேன். எண் ஒளிரும் டிஜிட்டல் ரகம். அடுத்த வாரமே திரும்பி வந்துவிட்டாள்.

“பொழுது சாயறப்ப மரத்தடிக்கே கொண்டு போனனுங்க. பேசிட்டே வந்துச்சு. மரத்துக்கிட்ட போனதும் ஊமையாயிருச்சு.”

அந்த ரகம் அப்படித்தான். இரைச்சல் கூடினால் தானே வாயை மூடிக்கொள்ளும். நான் அதைப் பெருமையாகச் சொன்னேன். அவள் கேட்டுக்கொள்ளவே இல்லை. டார்ச்சும் பாட்டும் சேர்ந்த இன்னொன்றைக் கொடுத்தேன். அதுவும் திரும்பி வந்தது. “உறும மாட்டேங்குதுங்க.” ஊரில் எல்லோரும் இரைச்சல் இல்லாத ரேடியோ கேட்பார்கள், இவள் இரைச்சலைத் தேடுகிறாள். கடைசியில் வெறுத்துப்போய் மேல் தட்டிலிருந்து ஒரு பழைய முள் ரேடியோவை இறக்கினேன். யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு வாங்க வராத உருப்படி. கரண்டு வயர் பக்கம் கொண்டுபோனாலே கத்தும். எந்தப் புத்தியுள்ளவனும் வாங்க மாட்டான்.

மழை பிடித்துக்கொண்டிருந்தது. கரண்டும் போயிருந்தது. கடைக்குள் அரை இருட்டு. அவள் ஏரியலை இழுத்து முள்ளைத் திருகினாள். அந்தப் பெண்ணின் குரல் எங்கிருந்தோ மிதந்து வந்து தெளிந்தது. மலைத்தேன் ஊற்றினாற்போலத் தமிழ். கண்ணாயி ரேடியோவை மாரோடு அணைத்துக்கொண்டாள். நானும் கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கேட்டேன்.

அப்போது கரண்டு வந்தது. டியூப் லைட் மினுக்கி எரிந்தது. ரேடியோ உறுமியது.

“வந்துட்டானுங்க!” என்று அலறினாள். சுவரோடு ஒட்டிக்கொண்டு கிடுகிடுவென்று நடுங்கினாள். “இதேதானுங்க! இங்கயும் வந்துட்டானுங்க!”

எனக்கு வந்ததே கோபம். “அட என்னம்மா நீ! முனியும் இல்ல, மூக்குத்திப் பூவும் இல்ல. அது கரண்டும்மா, கரண்டு! டியூப் லைட்டோட பழைய சோக்கு கெடந்து இரையுது. இந்தா பாரு” என்று எழுந்துபோய் சுவிட்சைத் தட்டினேன்.

லைட் அணைந்தது. உறுமல் நின்றது. குரல் பேசியது.

கண்ணாயி ரேடியோவைப் பார்த்தாள். சுவிட்சின் மேலிருந்த என் கையைப் பார்த்தாள். நடுக்கம் நின்றுபோயிருந்தது.

“நிறுத்துனா நிக்குங்களா?”

“ஆமா.”

“அப்ப அன்னிக்கு யாருங்க நிறுத்துனது?”

சுவிட்சிலிருந்து கையை எடுத்தேன். உள்ளங்கையில் குறுக்கே கறுப்புக் கோடு. கம்பியைப் பிடித்த கை. காட்டுப்பன்றிக்குக் கள்ளத்தனமாக லைன் கரண்டை வேலிக் கம்பியில் கொடுக்கிறவர்களை எனக்குத் தெரியும், மலையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. இவள் ஆட்களைக் கூட்டிவரப் போன நேரத்தில் கம்பியைச் சுருட்ட எவ்வளவு நேரம் ஆகும்? அதற்கு முன்னால், இவள் தொடுவதற்கு ஒரு நொடி முன்னால், சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு யாரோ இவள் அலறலைக் கேட்டு அதை நிறுத்தியிருக்கிறார்கள்.

“போலீசுக்குப் போலாம் வா” என்றேன்.

“போயி? மண்ணள்ளிப் போட்டு மூடியாச்சு. ஊரே முனின்னு சொல்லும். ரேடியோ உறுமுச்சுன்னு நாஞ்சொன்னா, நீங்களே என்னையப் பைத்தியம்னுதானுங்க நெனச்சீங்க?” நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் ரேடியோவை முந்தானையில் சுற்றினாள். “மரத்துக்கிட்ட நல்ல ரேடியோ எல்லாம் ஊமையாச்சுங்களே. அப்பிடின்னா கம்பி இப்பவும் அங்கதான இருக்குது?”

இருக்கும். இல்லாமல் என்ன? முனிக்குப் பயந்து ஆள் நடக்காத இடம். திருட்டுக் கம்பிக்கு அதைவிட நல்ல காவல் ஏது?

கார்த்திகையில் பூசை என்று சொல்லியனுப்பினாள். முனிக்குப் பரிகாரப் பூசை, ஊரே வரணும், சம்பந்தியும் வரணும். தீபிகாவின் மாமனார் மூக்கன் கரடியூரிலிருந்து வந்தார். அவருக்காகவே காத்திருந்து பூசையைச் சாயங்காலத்துக்குத் தள்ளினாள். நானும் கடையை அடைத்துவிட்டுப் போனேன். நாவல் மரத்தடியில் வேல், பொங்கல், சூடம், வெற்றிலை. நடுவில் அந்தப் பழைய ரேடியோ.

“இதென்னத்துக்கு?” என்றார் அங்கப்பன். வெள்ளை வேட்டி, கழுத்தில் துண்டு, நல்ல மரியாதையான ஆள். அன்றைக்கு மட்டும் நிலைகொள்ளாமல் மேட்டிலிருந்த தன் மோட்டார் ரூமையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவருக்குப் புடிச்சதுங்க. பாடிட்டு இருக்கட்டுமுங்க.”

“செரி செரி, சீக்கிரம் ஆவட்டும். இருட்டுக் கட்டறதுக்குள்ள போயரோணும். இது முனி நடமாடற எடம்.”

கண்ணாயி அவசரப்படவில்லை. பொங்கல் இன்னும் வேகவில்லை என்றாள். சம்பந்திக்கு ஒரு வாய் தண்ணி கொடுங்க என்றாள். அந்தப் பழைய வாயாடிப் பேச்சை அன்றைக்குத்தான் திரும்பக் கேட்டேன். பனி சரிவிலிருந்து ஏறி வந்தது. காப்பிச் செடிகள் மறைந்தன, மரத்தின் அடி மட்டும் மிச்சமிருந்தது. ரேடியோவில் அந்தப் பெண் ஏதோ ஒரு நாட்டு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். அங்கப்பன் செல்போனை எடுத்துப் பார்த்தார். அந்தச் சரிவில் அது எடுக்காது. “நான் ஒரெட்டு மேல போயிட்டு வந்தர்றேன்” என்று எழுந்தார்.

“பூசைக்கு நடுவுல எந்திரிச்சா முனிக்கு ஆவாதுங்க” என்றாள் கண்ணாயி. ஊர்க்காரர்களும் அதையே சொன்னார்கள். அவர் சொல்லிக்கொடுத்த முனிதான். திரும்ப உட்கார்ந்தார்.

ரேடியோ உறுமியது.

கூட்டத்தில் பெண்கள் அலறினார்கள். மூக்கன் எழுந்து ஓடப் பார்த்தார், நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். மேட்டில் மோட்டார் ரூமில் இருக்கிற ஆள், தினமும் இருட்டுகிற நேரத்துக்குச் செய்வதைச் செய்துவிட்டான், அவ்வளவுதான். டார்ச்சை அடித்தேன். மரத்துக்கு அந்தப் பக்கம் முழங்கால் உயரத்தில் கம்பி. ஈர இலை ஒன்று அதில் பட்டுப் பட்டுச் சிறு பொறி பறந்தது.

“முனி வந்தாச்சுங்க” என்றாள் கண்ணாயி. குரல் கொஞ்சமும் ஆடவில்லை. “எம்புருசன் என்ன குத்தம் பண்ணாருன்னு கேட்டுப்போடறேன்.”

கையை நீட்டிக்கொண்டு மரத்தைச் சுற்றி அந்தப் பக்கம் நடந்தாள். இப்படிச் செய்வாளென்று என்னிடம் சொல்லவேயில்லை. சாமி சத்தியமாகச் சொல்லவில்லை. மூக்கன் கையை விட்டுவிட்டு அவள் பின்னால் ஓடினேன்.

“தொடாத! அடியே தொடாத!” அங்கப்பன் பொங்கல் பானையை மிதித்துத் தள்ளிக்கொண்டு எழுந்தார். மேட்டைப் பார்த்து இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினார். “டேய்! ஆஃப் பண்றா! லைன ஆஃப் பண்றா டேய்!”

உறுமல் பட்டென்று நின்றது.

ரேடியோவில் அந்தப் பெண் விட்ட இடத்திலிருந்து பேசிக்கொண்டிருந்தாள், சாவகாசமாக, மழையைப் பற்றி. அதைத் தவிர அந்தச் சரிவில் ஒரு சத்தம் இல்லை. எல்லோரும் அங்கப்பனைப் பார்த்தார்கள். கண்ணாயியின் கை கம்பிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றிருந்தது. அவள் மெல்லத் திரும்பினாள்.

“அன்னிக்கும் இப்பிடித்தானுங்க நின்னுச்சு. எஞ்சத்தத்தக் கேட்டுட்டு நிறுத்துனீங்க.” அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. “அவரு விழுந்தப்ப ஏனுங்க நிறுத்தல?”

அங்கப்பன் துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். பிறகு, யாரிடம் சொல்கிறார் என்றே தெரியாமல் சொன்னார்.

“சத்தம் கேட்டுச்சு. பன்னின்னு நெனச்சுட்டேன்.”

கண்ணாயி அப்படியே கம்பி ஓரத்தில் உட்கார்ந்தாள். அன்றைக்கு உறுமலை நிறுத்தி அந்தக் குரலை வரவைத்தது செத்துப்போன புருஷன்தான், தன்னைக் காப்பாற்றத்தான் என்று இத்தனை மாதமும் நம்பிக்கொண்டிருந்தாளாம். அதுவும் போய்விட்டது அவளுக்கு. அழுதாள், அடிவயிற்றிலிருந்து அழுதாள். மூக்கன்தான் போய் அவளைத் தூக்கி நிறுத்தினார். “எந்திரிம்மா. புள்ளைய நானே கொண்டாந்து உடறேன்” என்றார்.

போலீஸ் வந்தது, குழியைத் தோண்டினார்கள், கேஸ் நடக்கிறது. தீபிகாவுக்கு அந்த வீட்டிலேயே பெண் குழந்தை பிறந்தது. பிறகு ஒரு நாள் கண்ணாயி கொய்யாக் கூடையோடு வந்து பழைய ரேடியோவைக் கல்லாப் பெட்டி மேல் வைத்தாள்.

“நல்லாப் பேசற ரேடியோவா ஒண்ணு குடுங்கண்ணா. உறுமாததா.”

டிஜிட்டல் ரேடியோவை எடுத்துக் கொடுத்தேன். ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்து பார்த்துவிட்டு வந்தாள், சின்னராஜ் மாதிரியே. “பழசு?” என்றேன்.

“அது உங்ககிட்டயே இருக்கட்டுமுங்க. மலையில அங்கப்பன் ஒருத்தருதானா கம்பி கட்டறாரு?”

அன்று சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு அந்த ரேடியோவை இடுப்பில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். பனி இறங்கியிருந்தது. சும்மாதான் முள்ளைத் திருப்பி வைத்தேன். குரல் கூடவே வந்தது, நல்ல தமிழ். என் தெருவுக்குத் திரும்புகிற முக்கில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பந்து பொறுக்கப் போகிற காப்பித் தோட்டத்து ஓரத்தில், அது உறுமியது.

நின்றுவிட்டேன். தோட்டம் யாருடையது என்று எனக்குத் தெரியும். என் தங்கச்சி புருஷனுடையது. அப்படியே திரும்பி அவன் வீட்டுக்குத்தான் போனேன், ரேடியோவை நிறுத்தாமல்.